கத்தி வைத்தால் சர்க்கரை போய்விடுமா?

வாசகர் கேள்விகள் – சர்க்கரை டாக்டர் பதில்கள்

போன மாதம் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, 'எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட சிலருக்குச் சர்க்கரை மாத்திரையே தேவைப்படாமல் போகிறது' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜையில் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கின்றன. அதனால் இந்த மாதம் முழுக்க, இரைப்பையைச் சின்னதாக்கி எடையைக் குறைக்கும் அந்த ஆபரேஷன் பற்றிய பேச்சுதான். மதுரையில் இருபத்தாறு வருடமாகச் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிறவள் நான். கத்தி பிடிக்கிற டாக்டர் இல்லை. ஆபரேஷனுக்கு ஆள் அனுப்பி எனக்கு ஆகவேண்டிய லாபம் எதுவும் இல்லை. ஆபரேஷன் என்றாலே எனக்கு ஒருகாலத்தில் பயம் இருந்தது. அந்தக் கதை கீழே வருகிறது.

கேள்வி: எனக்கு வயது 38. உயரம் 158 செ.மீ., எடை 104 கிலோ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1. 'இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது' என்றார் டாக்டர். என் அம்மாவுக்குக் கால் கட்டைவிரலில் ஆரம்பித்து முழங்கால்வரை எடுத்தார்கள். பத்து வருடமாக நடை, பட்டினி, பேலியோ எல்லாம் பார்த்துவிட்டேன். பத்து கிலோ இறங்கும், பன்னிரண்டு கிலோ ஏறும். சர்க்கரை வருவதற்கு முன்பே ஆபரேஷன் செய்துகொண்டால் வராமலே தடுக்கலாமா? 'நோயே இல்லாதவளுக்கு எதுக்கு ஆபரேஷன்?' என்கிறார் கணவர்.
— ஒரு வாசகி, திண்டுக்கல்

உங்கள் கணவர் கேட்டிருக்கும் அதே கேள்வியை ஸ்வீடன்காரர்கள் 1987-லேயே கையில் எடுத்தார்கள். அதிக எடை உள்ளவர்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஒரு பக்கம், அதே வயதும் எடையும் உள்ள, ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்கள் இன்னொரு பக்கம். அவர்களில் ஆரம்பத்தில் சர்க்கரை இல்லாத மூவாயிரத்து சொச்சம் பேரை மட்டும் பிரித்து, பதினைந்து வருடக் கணக்கை 2012-ல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்யாதவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 28 பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். செய்துகொண்டவர்களில் ஆயிரத்துக்கு ஏழு பேர்தான். மற்ற வித்தியாசங்களைச் சரிக்கட்டிப் பார்த்தபோது, வரும் வாய்ப்பு 83 சதவீதம் குறைந்திருந்தது.

இதில் ஒரு ஓட்டை உண்டு, அதையும் சொல்கிறேன். யாருக்கு ஆபரேஷன் என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. வேண்டும் என்றவர்கள் செய்துகொண்டார்கள். அப்படிப்பட்டவர்கள் உடம்பைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிப்பவர்களாக இருக்கலாம். அதற்காகத் தள்ளுபடி கொடுத்தாலும் வித்தியாசம் பெரிதுதான்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு. யாருக்கு அதிகப் பலன் கிடைத்தது என்று பார்த்தால், எடை அதிகமாக இருந்தவர்களுக்கு அதிகப் பலன் என்று வரவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏற்கெனவே கொஞ்சம் ஏறியிருந்தவர்களுக்குத்தான் பலன் கூடுதல். அதாவது, உங்களைப் போல வாசலில் நின்றவர்களுக்கு. ஆகவே எடை மெஷினின் முள்ளை மட்டும் பார்த்து இதை முடிவுசெய்யாதீர்கள்.

இன்னொரு பக்கத்தையும் கேளுங்கள். நம்ம சென்னையில் டாக்டர் ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் வாசலில் நிற்கும் 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006-ல் வெளியிட்டார்கள். சும்மா விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் சொல்லிக்கொடுத்தவர்களில் 39 பேருக்கு. வேடிக்கை என்னவென்றால், அந்த நடைக்காரர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை! எடை இறங்காமலே பலன். ஆகவே பத்து வருடம் நீங்கள் நடந்தது வீண்போகவில்லை. 6.1-லேயே நிற்பதற்கு அந்த நடையும் காரணமாக இருக்கலாம்.

சரி, செய்யலாமா? உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 41.7. எந்த நாட்டு விதியை எடுத்தாலும் நீங்கள் தகுதி உள்ளவர். நானாக இருந்தால் போய்ப் பார்ப்பேன். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகப் போகாதீர்கள். தூக்கத்தில் குறட்டை விட்டு மூச்சு நிற்கிறதா என்று அவரிடம்தான் டாக்டர் கேட்பார். சரியான பதில் உங்களுக்குத் தெரியாது.

ஆபத்தை மறைக்கமாட்டேன். அனுபவமுள்ள இடங்களில்கூட ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேர் முதல் மாதத்தில் இறக்கிறார்கள். பித்தப்பை ஆபரேஷனும் ஏறக்குறைய அந்தக் கணக்குக்குள்தான் வரும். ஆனால் அந்த ஒருவர் வீட்டுக்கு அது நூற்றுக்கு நூறு. தையல் கசிவது, காலில் ரத்தம் உறைவது ஆகிய இரண்டும்தான் முக்கியப் பயம். பிறகு ஆயுள் முழுக்க வைட்டமின் மாத்திரை. 'முழுக்க' என்பதை அழுத்திப் படியுங்கள்.

முதல் இரண்டு வாரம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். போன வருடம் ஒரு பேஷன்டைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தேன். இருமல் டானிக் பாட்டிலோடு வருமே, கோடு போட்ட குட்டிக் கப், அதில் தெளிந்த பருப்புத் தண்ணீர் 30 மில்லி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வாய் நனைக்கிறார். ஒரு கப் முடிய கால்மணி நேரம். முடிந்ததும் அடுத்த கப் மோர்த்தண்ணீர். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை இதே வேலைதான். பக்கத்து அறையில் பிள்ளைகள் பூரி சாப்பிடுகிற வாசனை. "பசி இல்லை டாக்டர், ஆனா மெல்லணும் போல இருக்கு" என்றார். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத வாக்கியம் அது.

கேள்வி: இருபது வருடமாக உயிரியல் பாடம் எடுக்கிறேன். சர்க்கரைக்குக் காரணம் கணையம். அதைத் தொடாமல் இரைப்பையையும் குடலையும் வெட்டினால் சர்க்கரை எப்படிக் குறையும்? எடை குறைவதால் என்றால், அதற்கு மாதக்கணக்காகுமே. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரே வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார்களே?
— ஒரு ஆசிரியர், நாகப்பட்டினம்

வாத்தியார் சரியான இடத்தில் கைவைத்துவிட்டார். இந்த ஆச்சரியம் பழசு. அல்சருக்காக இரைப்பையைப் பாதி எடுத்த சர்க்கரைக்காரர்களுக்குச் சர்க்கரை இறங்கியதை 1955-லேயே அமெரிக்க டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு வட கரோலினாவில் வால்டர் போரிஸ் என்கிற சர்ஜன், எடைக்காக இரைப்பைப் பைபாஸ் செய்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குச் சர்க்கரை சரியாகி நிலைத்ததை 1995-ல் வெளியிட்டார். சர்க்கரை உலகமே திரும்பிப் பார்த்தது.

முதல் வாரத்தில் நடப்பதில் பாதி வெறும் பட்டினிதான். வயிற்றுக்குள் போவது பருப்புத் தண்ணீர். முதலில் கரைவது கல்லீரலுக்குள் இருக்கும் கொழுப்பு. அது கரைந்ததும், இரவெல்லாம் தேவையில்லாமல் ரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டிருந்த கல்லீரல் வாயை மூடிக்கொள்கிறது. காலைச் சர்க்கரை இறங்குகிறது.

மீதிப் பாதியைக் குடல் செய்கிறது. பைபாஸில் இரைப்பையின் மேல்நுனியில் ஒரு முட்டை அளவுக்குப் பை வைத்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். சாப்பாடு குறுக்குவழியில் சீக்கிரமே கடைக்குடலை எட்டுகிறது. அங்கேயிருக்கும் செல்கள் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனை நிறையச் சுரக்கின்றன. 'சாப்பாடு வந்தாச்சு, இன்சுலினை எடு' என்று கணையத்துக்கும், 'போதும், நிறுத்து' என்று மூளைக்கும் அது சொல்லும். இப்போது ஊசியாகப் போடுகிறார்களே செமாகுளுடைடு, அது இந்த ஹார்மோனின் சாயல்தான். ஸ்லீவ் முறையில் குடலைத் தொடுவதில்லை. இரைப்பையில் முக்கால் பங்கை நீளவாக்கில் எடுத்து ஒரு வாழைக்காய் மாதிரி விடுகிறார்கள். பசி ஹார்மோனான கிரெலின் அதிகம் சுரக்கும் மேல்வளைவும் அதோடு போய்விடுகிறது.

இவ்வளவு சீக்கிரம் இறங்குவதில் ஒரு ஆபத்தும் உண்டு. என் பேஷன்ட் ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள், வீட்டில் பழைய சீட்டைப் பார்த்துக் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் வியர்த்துக் கொட்டி, சர்க்கரை 52. ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததுமே உங்கள் சர்க்கரை டாக்டரிடம் போய்ப் புதுச் சீட்டு வாங்கிவிட வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குறைந்தது மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிவிடும்.

கேள்வி: வயது 61. பதினேழு வருடமாகச் சர்க்கரை. தினமும் 64 யூனிட் இன்சுலின். உயரம் 170, எடை 78. அமெரிக்காவில் இருக்கும் மகன், "செலவு என்னோடது, ஆபரேஷன் செஞ்சுக்கோங்கப்பா, ஊசியே வேண்டாம்" என்கிறான். செய்துகொள்ளலாமா?
— ஒரு ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருநெல்வேலி

வேண்டாம் ஐயா. மகனின் அன்பு பெரிது, ஆனால் அந்தப் பணத்தால் ஊசி போகாது.

ஆபரேஷன் கணையத்துக்குப் புது உயிர் கொடுப்பதில்லை. மிச்சமிருக்கும் உயிரை நன்றாக வேலைசெய்ய வைக்கிறது, அவ்வளவுதான். மிச்சம் எவ்வளவு என்று பார்க்க சி-பெப்டைடு என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தைவானில் நிறைய ஆபரேஷன் செய்த வெய்-ஜெய் லீ என்ற சர்ஜன், யாருக்குப் பலன் கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல நான்கே விஷயம் பார்க்கிறார்: வயது, பி.எம்.ஐ., சி-பெப்டைடு, எத்தனை வருடமாகச் சர்க்கரை. வயது குறைவாக, எடை அதிகமாக, கணையம் திடமாக, நோய் புதிதாக இருந்தால் மார்க் ஏறும். நான்கில் மூன்று உங்களுக்கு எதிராக நிற்கின்றன. நான்காவதான சி-பெப்டைடு இனிமேல்தான் தெரியவேண்டும். பார்த்து வையுங்கள், இன்சுலின் அளவைத் திருத்தவாவது உதவும்.

இப்போது என் கதை. 2008-ல் தேனிப் பக்கத்திலிருந்து லாரிப் பட்டறைக்காரர் ஒருவர் வருவார். நாற்பத்தோரு வயது, 118 கிலோ, சர்க்கரை வந்து நான்கு வருடம். ஒருநாள் சட்டைப்பையிலிருந்து பேப்பர் கட்டிங் ஒன்றை எடுத்து, கிரீஸ் படிந்த விரலால் மடிப்பை நீவி என்முன் வைத்தார். எடைக் குறைப்பு ஆபரேஷன் பற்றிய செய்தி. "இது எனக்கு ஆகுமாம்மா?" நான் பேப்பரை முழுசாகப் படிக்கக்கூட இல்லை. "அதெல்லாம் கடைசிக்குக் கடைசி. முதல்ல புரோட்டாவை நிறுத்துங்க" என்றேன். அவரும் மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் சொன்ன அந்தக் 'கடைசி' 2019-ல் வந்தது. 90 யூனிட் இன்சுலின், சிறுநீரில் புரதம், கண்ணில் லேசர். அப்போது நானே அனுப்பிவைத்தேன். இன்சுலின் 22 யூனிட்டுக்கு இறங்கியது, பிரஷர் மாத்திரை மூன்றிலிருந்து ஒன்றானது. அதுவும் லாபம்தான். ஆனால் ஊசி போகவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அப்பவே செஞ்சிருந்தா?" என்று அவர் மனைவிதான் கேட்டார். சீட்டு எழுதுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

கேள்வி: வயது 29, ஐ.டி. வேலை. உயரம் 172, எடை 92. இரண்டு வருடமாகச் சர்க்கரை. இரண்டு மாத்திரை போட்டும் மூன்று மாதச் சர்க்கரை 8.4. நண்பன் வாராவாரம் ஊசி போட்டு 14 கிலோ குறைத்துவிட்டான். எனக்கு ஊசியா, ஆபரேஷனா? 'இவ்வளவு ஒல்லியாக இருக்கிறவனுக்கு ஆபரேஷன் செய்யமாட்டார்கள்' என்கிறார்களே?
— ஒரு வாசகர், கோவை

92 கிலோவை ஒல்லி என்று சொல்லும் நண்பர்களை முதலில் மாற்றுங்கள்! உங்கள் பி.எம்.ஐ. 31. உலக எடைக் குறைப்பு சர்ஜன்களின் சங்கங்கள் 2022-ல் பழைய விதியைத் திருத்தின. சர்க்கரை உள்ளவர்களுக்கு 30 தாண்டினாலே ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5 தாண்டினாலே அந்த வழியை முன்வைக்கலாம். நமக்கு வயிற்றுக்குள் கொழுப்பு சீக்கிரம் சேரும் என்பதால் இந்தச் சலுகை. ஆக, கதவு திறந்துதான் இருக்கிறது.

ஆனால் உங்களுக்கு வந்து இரண்டு வருடம்தான். அதனால் உங்களிடம் இன்னொரு சீட்டும் இருக்கிறது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும், சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு, மூன்று முதல் ஐந்து மாதம் தினமும் சுமார் 850 கலோரிக்குப் பானம், சூப் மட்டும் கொடுத்து மாத்திரைகளை நிறுத்தினார்கள். ஒரு வருடம் கழித்து 46 சதவீதம் பேருக்கு மாத்திரையில்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. 15 கிலோவும் அதற்குமேலும் குறைத்தவர்களைத் தனியாகப் பார்த்தால் 86 சதவீதம். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. ஆனால் டாக்டர் கண்காணிப்பில்தான் செய்யவேண்டும், யூட்யூப் பார்த்து வேண்டாம்.

ஊசிக்கு வருகிறேன். டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. நல்ல மருந்து, வாசலில் நின்றவர்களுக்கு மூன்று வருடம் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை வருவதைத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தடுத்திருக்கிறது. குறை என்ன? நிறுத்தினால் எடை திரும்பும். செமாகுளுடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பிவிட்டது. 29 வயதில் ஆரம்பித்து 69 வரை போடுவீர்களா, பர்ஸ் தாங்குமா என்று கணக்குப் போடுங்கள்.

ஆபரேஷனும் நிரந்தரக் கல்வெட்டு இல்லை. முன்பு சொன்ன ஸ்வீடன் ஆய்விலேயே, சர்க்கரையோடு வந்தவர்களில் இரண்டாம் வருடம் 72 சதவீதம் பேர் விடுபட்டிருந்தார்கள். பத்தாம் வருடம் 36 சதவீதம்தான். அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் 150 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்தாம் வருடம், மூன்று மாதச் சர்க்கரை 6-க்குள் இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, வெறும் மருந்தில் 5. 'எல்லாருக்கும் குணம்' என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பத்தாம் வருடக் கணக்கைக் கேளுங்கள்.

என் யோசனை: அந்த 850 கலோரிப் பட்டினிக்கு மூன்று மாதம் கொடுங்கள். பலிக்காவிட்டால் ஊசியோ ஆபரேஷனோ, உடனே. மூன்று மாதம் கொடுக்கச் சொன்னேன், மூன்று வருடம் இல்லை.

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. ஆறு மாதத்துக்கு முன் ஸ்லீவ் செய்தோம். 31 கிலோ குறைந்து, சர்க்கரை நார்மல். ஆனால் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. இப்போது வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் ஆபரேஷனைச் சொல்ல வேண்டுமா? வயிற்றில் ஐந்து சின்னப் புள்ளிதான் தழும்பு.
— ஒரு தாய், வேலூர்

முடி: மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் நடுவில் கொட்டத்தான் செய்யும். பெரும்பாலும் வளர்ந்துவிடும். தினமும் 60 கிராம் புரதமாவது உள்ளே போகிறதா, இரும்புச்சத்து அளவு என்ன என்று மட்டும் பாருங்கள். சாதத்தோடு ஒரு கரண்டி பருப்பு ஊற்றினால் 60 வராது. முட்டை, மீன், பனீர், புரதப் பொடி என்று எண்ணித்தான் சேர்க்கணும்.

குழந்தை: எடை குறைந்ததும் நின்றிருந்த மாதவிலக்கு ஒழுங்காகும், கரு சட்டென்று தங்கும். ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம்வரை கர்ப்பம் வேண்டாம். கல்யாணம் அதற்குள் நடந்தால் டாக்டரிடம் கருத்தடை பற்றிப் பேசவேண்டும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே சொல்லிவிடுங்கள் அம்மா. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரை டப்பாவை எத்தனை வருடம் பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்துவைப்பாள்? சொன்னதும் எழுந்து போகிறவர்கள் போகட்டும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட நிற்கப்போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கணும்.

கேள்வி: பைபாஸ் செய்து இரண்டு வருடம். கேசரியோ பாயசமோ சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டுகிறது. மறுபடி சர்க்கரை வந்துவிட்டதா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

நேர்மாறாக இருக்கலாம், சர்க்கரை தாழ்ந்துபோகிறது. கேசரி குடலுக்குள் ஒரே பாய்ச்சலாகப் போகிறது. கணையம் பதறி இன்சுலினை அளவுக்குமேல் கொட்டுகிறது. நடுக்கம் வரும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் ஒரு தடவை குத்திப் பார்த்து, எண்ணை எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். இனிப்பை விடுவது, சாதத்துக்கு முன் முட்டையோ சுண்டலோ சாப்பிடுவது ஆகிய இரண்டிலேயே பலருக்குச் சரியாகிறது. வண்டி ஓட்டும்போது வந்தால் ஆபத்து என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மெடிக்கல் இன்சூரன்ஸில் இந்த ஆபரேஷனுக்குப் பணம் வருமா?
— ஒரு வாசகர், ஈரோடு

நிபந்தனையோடு வரும். பாலிசிகளில் உள்ள பொது வாசகப்படி 18 வயது முடிந்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும், அல்லது 35-உடன் கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். மற்ற வழிகள் பலிக்கவில்லை என்று டாக்டர் எழுதித் தரவேண்டும். டாக்டர்களின் விதி 27.5-க்கு இறங்கிவிட்டது, இன்சூரன்ஸ் விதி 35-லேயே உட்கார்ந்திருக்கிறது. காத்திருப்புக் காலத்தையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மாப்பிள்ளை நான்கு மாதத்துக்கு முன் இந்த ஆபரேஷன் செய்துகொண்டார். தீபாவளிக்கு வருகிறார். 'அத்தை, எனக்கு ஒரு இட்லி போதும்' என்று போனிலேயே சொல்லிவிட்டார். இருபத்தோரு பலகாரம் வைத்துப் பழகிய வீடு. மனசு கேட்கவில்லை. என்ன செய்ய?
— ஒரு மாமியார், காரைக்குடி

இருபத்தொன்றையும் செய்யுங்கள், மற்றவர்கள் சாப்பிட இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு டிபன் இலையில் பாதி போதும். முதலில் ஒரு துண்டு மீன் அல்லது அவித்த முட்டை, பிறகு அந்த ஒரு இட்லி. எண்ணெயில் பொரித்ததும் சீனிப்பாகில் ஊறியதும் அவர் பக்கம் வரவேண்டாம். இலை பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு வைக்காதீர்கள். சாப்பிட்டு அரைமணி கழித்துத்தான் குடிப்பார். அந்த ஒரு இட்லிக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொள்வார். பந்தி முடிந்து எல்லாரும் எழுந்துவிட்டால் அவர் அவசரமாக விழுங்கி, தொண்டையில் நின்று, கொல்லைப்பக்கம் ஓட வேண்டியிருக்கும். ஆகவே மாமனாரை எதிரில் உட்கார வைத்துக் கதை பேசச் சொல்லுங்கள்.